தாயார் உயிருடன் உள்ளார்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாலுகா அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் அகிலா என்ற இளநிலை உதவியாளர். பழைய பணிப்பதிவேடுகளையெல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"சார், உங்க எஸ்.ஆர். முதல் பக்கத்துல ஒரு டவுட்டு. தாயார்ங்கிற எடத்துல 'காலமானார்'னு இருக்கு. அத ஒத்தக் கோடு போட்டு அடிச்சு, மேல செவப்பு மையில 'உயிருடன் உள்ளார்'னு எழுதி இனிஷியல் போட்டிருக்கு. சரியாத்தான் படிக்கிறேனா?"

"சரியாத்தான் படிக்கிறீங்கம்மா."

"பேரத் திருத்துவாங்க, பொறந்த தேதியத் திருத்துவாங்க. செத்தவங்கள உயிரோட கொண்டாந்த திருத்தத்த இப்பத்தான் சார் பாக்குறேன்." சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று நினைத்தவராகக் குரலைத் தாழ்த்தினார். "என்ன நடந்துச்சுன்னு கேக்கலாமா சார்?"

தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எனக்குப் பத்து வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. கே.கே. நகர் வீட்டு அலமாரியில் இரண்டு தட்டு முழுக்க அவைதான். 1979, 1984 ஆகிய இரண்டு ஆண்டுகளின் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அவற்றுக்கு முந்தியதையும் கொஞ்சம் சொன்னால்தான் அந்தச் சிவப்பு மை புரியும்.

நான் 1957-ல் ரங்கூனில் பிறந்தவன். அப்பா ராமையாவுக்குச் சொந்த ஊர் மதுரையை ஒட்டிய கோச்சடை. பதினேழு வயதில் பிழைக்கப் போய், அங்கே ஓர் அரிசி ஆலையில் எழுத்தராக இருந்தார். அம்மா பர்மியப் பெண். பெயர் டின் நு. 1966-ல் இந்தியர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியபோது அப்பா, அம்மா, நான், தங்கை என நாங்களும் ஏறினோம். பர்மியப் பெண்களை அழைத்துப் போக அனுமதி கிடைப்பது கஷ்டம் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் விண்ணப்பத்தில் 'மனைவி மீனாட்சி, பிறந்த ஊர் கோச்சடை' என்று எழுதிவிட்டார். ஒன்பது வயதில் நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடைபலகையில் ஏறும்போது அப்பா குனிந்து என் காதில் சொன்னார். "அம்மா பேரு என்னன்னு யாரு கேட்டாலும் மீனாட்சி. வேற ஒண்ணும் ஒனக்குத் தெரியாது."

அந்த உத்தரவை அதற்குப் பிறகு யாரும் திரும்பப் பெறவில்லை.

கோச்சடையில் பெரியப்பா வீட்டில் முதல் பதினைந்து நாள் இருந்தோம். பதினாறாம் நாள் பெரியப்பா எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "தம்பி பொண்டாட்டிக்கு மூக்குத்தி எடுக்கணும்னுதான் ஆசை. குத்துறதுக்கு மூக்கு வேணும்ல" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. அம்மாவுக்கு அப்போது தமிழ் பாதிதான் புரியும். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். மறுநாளே அப்பா அதே ஊரில் வேறு தெருவில் வாடகைக்கு வீடு பார்த்தார். அங்கே அம்மா, பர்மியச் சமையலில் சேர்க்கும் புளித்த மீன் விழுதைத் தாளித்த அன்று வீட்டுக்காரம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அது சமைக்கப்படவே இல்லை.

எனக்கு அப்பாவின் நிறம், அம்மாவின் கண்கள். பள்ளிக்கூடத்தில் நான் 'சீனாக்காரன்'. எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு போர் வந்தபோது எங்கள் வகுப்பிலும் போர் விளையாட்டு நடந்தது. எதிரியாக நிற்கச் சொன்னது என்னைத்தான். "டேய், சண்டை பாகிஸ்தானோட" என்று வாதாடினேன். "அதுக்கு? ஒன் மூஞ்சிதானடா வெளிநாடு" என்றான் அணித்தலைவன். டிசம்பர் மாதத்தில் ஒன்பது நாள் தொடர்ந்து சுடப்பட்டுச் செத்ததாக என் குறிப்பில் இருக்கிறது.

அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்தார். கை சுத்தம் என்று பெயர் வாங்கினார். ஆனால் தெருவில் அவர் பெயர் 'சீனாம்மா'. "சீனாம்மா தச்சா அளவு தப்பாது" என்று பிரியமாகத்தான் சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் ஒருமுறை, நான் மறந்து வைத்துவிட்டுப் போன படிவத்தைக் கொடுக்க அம்மா பள்ளிக்கு வந்தார். யாருடா அது என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். "எங்க தெருவுல துணி தைக்கிறவங்க" என்றேன். அம்மாவுக்கு அப்போது தமிழ் முழுக்கப் புரியும். படிவத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "வாரேன் தம்பி" என்று, அந்நியப் பையனிடம் சொல்வதைப் போலவே சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு வெகுகாலம் எந்தப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் அவர் என்னைத் தேடி வரவில்லை.

1977-ல் அப்பா இறந்தார். டின் நு என்ற பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்குள், கதவு சாத்தியிருக்கும்போது மட்டும். அதற்குப் பிறகு அந்தப் பெயரை உச்சரிக்க ஆள் இல்லாமல் போயிற்று.

1979 ஜூலையில் எனக்கு வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். தந்தை, தாய் இருவரின் பெயர், பிறந்த இடம், குடியுரிமை. தந்தைக்கு 'காலமானார்' என்று எழுதியதும், பக்கத்தில் இருந்த எழுத்தர், "காலமானவங்களுக்கு மத்த கட்டத்துல கோடு போட்டுட்டாப் போதும் தம்பி" என்றார். அடுத்த வரி தாயார். மீனாட்சி என்று எழுதினேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. கோச்சடை என்று எழுதினால் பொய். ரங்கூன் என்று எழுதினால் போலீஸ் விசாரணையில் என்ன கேட்பார்களோ, அம்மாவை எங்கே அனுப்புவார்களோ என்று பயம். இப்போது யோசித்தால் அந்தப் பயத்தில் பாதிதான் அம்மாவுக்காக. மீதிப் பாதி, அலுவலகத்திலும் எதிரியாக நிற்க வேண்டாம் என்பதற்காக. 'காலமானார்' என்று எழுதி, மற்ற கட்டங்களில் நேராகக் கோடு போட்டேன். அதுவே என் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்திலும் ஏறிற்று. அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா எனக்காகச் சேமியா பாயசம் வைத்திருந்தார். குறிப்பேட்டில் பாயசத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். படிவத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இத்தனை ஆண்டு எழுதியதில் நான் தெரிந்தே விட்ட இடம் அது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தபால் பதிவு, கோப்புக் கட்டுதல், பட்டா நகல் எழுதுதல் என்று மூன்று ஆண்டுகள் ஓடின. 1982-ல் சான்றிதழ்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே துணைத் தாசில்தார் சவரிமுத்து.

அவரைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர். எப்போதும் கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோப்பில் தவறு இருந்தால் திட்டமாட்டார். கோப்பை நம் பக்கம் திருப்பி, மேசைமேல் மெதுவாகத் தள்ளுவார். அது நம்மை வந்து தொடும்போது தவறு எந்த வரியில் என்று நமக்கே தெரிந்துவிடும். நாங்கள் எழுதும் குறிப்புகளின் ஓரத்தில் பென்சிலால் அவர் எழுதுவது பெரும்பாலும் இரண்டே சொற்கள்: 'எப்படித் தெரியும்?'

வாக்குமூலம் வாங்குவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. எல்லா அலுவலகங்களிலும் வாக்குமூலத்தின் கடைசி வரி ஒன்றுதான்: 'படித்துக் காட்டக் கேட்டேன், சரி.' எல்லோரும் அந்த வரியை எழுதுவார்கள். படித்துக் காட்ட மாட்டார்கள். சவரிமுத்து சார் எழுந்து நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை, கூடம் முழுக்கக் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திப் படிப்பார். ஒருமுறை திருப்பரங்குன்றத்துப் பெரியவர் ஒருவர் பாதியில் குறுக்கிட்டு, "நான் 'அறியேன்'னு சொல்லலையே, 'யாருக்குத் தெரியும்'னுல்ல சொன்னேன்" என்றார். சார் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினார். பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள்.

1984 ஜூனில், ஒரு செவ்வாய்க்கிழமை, மரகதம் வந்தார்.

திருப்பரங்குன்றம் பக்கத்தில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் கூடியிருக்கும் குடியிருப்பு ஒன்று உண்டு. மரகதம் அங்கே இருந்தார். தாய் தந்தை இருவரும் தமிழர்கள். கணவர் இறந்து இரண்டு ஆண்டு. இரண்டு பெண் குழந்தைகள். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அரசுப் பள்ளியில் ஆயா வேலை, வரும் திங்கட்கிழமை நேர்காணல், முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். ஆனால் கப்பலிலிருந்து இறங்கியபோது கொடுத்த அட்டையில் அவர் பிறந்த ஆண்டு 1951. அதன்படி முப்பத்து மூன்று.

"அது தப்பு சார்" என்றார். "கேம்புல எழுதுனவரு என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. 'வளத்திக்குப் பதினஞ்சு இருக்கும்'னு அவரா போட்டுக்கிட்டாரு. எனக்கு அப்பப் பன்னெண்டுகூட முடியல. எங்கப்பா ஒண்ணும் சொல்லல. அம்புட்டுப் பேரு வரிசையில நிக்கையில என்னத்தச் சொல்லும்?"

அரசு டாக்டரிடம் அனுப்பினோம். அவர் 'முப்பதை ஒட்டி' என்று எழுதிக் கொடுத்தார். முன்னாலா பின்னாலா என்பதுதான் கேள்வி.

புதன்கிழமை மரகதம் மறுபடி வந்தார். முந்தானையிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சாண் நீளப் பனையோலை. எழுத்தாணியால் கீறிய வட்ட வட்டமான எழுத்துகள். பர்மாவில் குழந்தை பிறந்தால் ஜாதகத்தை இப்படி ஓலையில் எழுதி வைப்பார்கள். அவர்கள் இருந்த ஊரில் தமிழ் ஜோசியர் இல்லாததால் பர்மியரிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

பக்கத்து மேசை பால்ராஜ் ஓலையை எட்டிப் பார்த்தான். "மாப்ள, ஒங்க ஊரு ஜிலேபிடா இது. படி பாப்போம்." பால்ராஜ் கெட்டவன் இல்லை. என்னை 'மங்கோலியா' என்று கூப்பிடுவான். என் தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். இரண்டும் ஒரே ஆள் செய்யக் கூடியவைதான் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அந்தக் கல்யாணத்துக்கு அலுவலகத்தில் யாரையும் நான் அழைக்கவில்லை.

ரங்கூனில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன் நான். எண்கள் நினைவிருந்தன. எழுத்துக் கூட்டவும் முடிந்தது. பர்மிய ஆண்டு 1316. நம் கணக்கில் 1954. மாதம், நம் ஆடி ஆவணியை ஒட்டி வருவது. தேய்பிறையில் ஐந்தாம் நாள். அலுவலகத்தில் இருந்த நூற்றாண்டுப் பஞ்சாங்கத்தை வைத்து ஆகஸ்டில் ஒரு தேதிக்கு வந்து சேர்ந்தேன். அது புதன்கிழமை. அதன்படி மரகதத்துக்கு முப்பது இன்னும் முடியவில்லை.

ஆனால் அங்கும் இங்கும் திதி ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஓலையில் இருக்கும் கிழமையும் ஒத்துவந்தால்தான் தேதி உறுதி. கிழமையை எண்ணில் குறித்திருந்தார்கள். ஞாயிறு ஒன்று என்று தொடங்கும் வரிசை. புதன் என்றால் நான்கு இருக்க வேண்டும். ஓலையில் இருந்தது எட்டு.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். எட்டுத்தான்.

சவரிமுத்து சார் என் குறிப்பைப் படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "வாரத்துக்கு எத்தன நாளு சுந்தரம்?"

"ஏழு சார்."

"இந்த ஓலைக்கு எட்டு. இத நம்பி நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

மரகதம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எட்டுத்தான் சார். எங்கம்மா என்னைய எட்டு எட்டுன்னுதான் சொல்லும். ஏன்னு கேட்டுக்கிடல. கேக்குறதுக்குள்ள போயிருச்சு."

"ஒங்க காலனியில கேட்டியாம்மா?"

"எல்லாரும் எட்டுன்னா எட்டுத்தாங்கிறாங்க சார்."

"எல்லாரும் ஒனக்குச் சொந்தக்காரங்க. இந்த ஓலையப் படிக்கத் தெரிஞ்ச, ஒனக்கு ஒட்டும் ஒறவும் இல்லாத ஒருத்தர் வந்து சொல்லணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தாப் பாக்கலாம்."

அன்று மாலை அம்மா மிஷினில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தவே இல்லை.

"எட்டுன்னா புதன் மத்தியானம். காலையில பொறந்தா நாலு. உச்சி சாஞ்சு பொறந்தா எட்டு. எங்களுக்கு வாரத்துல எட்டு நாளு. கோயில்ல எட்டு மூலைக்கும் ஒவ்வொரு கெழம. காலப் புதனுக்குக் கொம்பு வச்ச ஆன. மத்தியானப் புதனுக்குக் கொம்பு இல்லாத ஆன. அவங்கவங்க மூலையில தண்ணி ஊத்திக் கும்புடணும். ஒன்னையத் தூக்கிட்டுப் போயி ஊத்துவேனே, நெனவு இல்ல?" நூலைப் பல்லால் கடித்தார். "நீயும் எட்டுத்தான். ஒன் ஓலை பெட்டியில கெடக்கு."

தேதி, கிழமை என்று வாழ்ந்தவன் நான். என் கிழமையின் எண் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை சவரிமுத்து சாரிடம் போய், எட்டு என்றால் புதன் பிற்பகல் என்று சொன்னேன். கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"நேத்துத் தெரியலையே. இன்னைக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுல கேட்டேன் சார்."

"வீட்டுல யாரு?"

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கை கணவர் வீட்டில். என் பதிவேட்டின்படி தகப்பனார் இல்லை, தாயார் இல்லை.

"சொன்னவங்க யாரோ, அவங்க வரட்டும்" என்றார். அடுத்த கோப்பை எடுத்தார்.

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டால் மரகதத்துக்கு வேலை போகும், எனக்கு ஒன்றும் ஆகாது. அம்மாவை அழைத்து வந்தால் பொய்யான தகவல் கொடுத்தவன் என்று என் வேலையே போகலாம். அம்மாவின் பெயரும் ஊரும் வெளியே வரும். இதையெல்லாம் பட்டியல் போட்டு எழுதியிருக்கிறேன். பட்டியலின் அடியில், வேறு பேனாவில், ஒரு வரி: 'வளத்திக்குப் பதினஞ்சு இருக்கும்.' பார்வையால் எழுதிய தவறு அந்தக் கேம்ப் எழுத்தருடையது. தெரிந்தே எழுதிய தவறு என்னுடையது.

மாலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சொன்னதைக்கூடச் சேர்த்து. அவர் மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"அஞ்சு வருசமா நான் செத்துப் போயிருக்கேனா?"

"ஆமாம்மா."

"எந்தக் கெழம?"

"கிழமை எழுதலம்மா. காலமானார்னு மட்டும்தான்."

"கெழம இல்லாம எப்படிச் சாக முடியும்? ஒழுங்கா எழுதத் தெரியாத ஒன்னைய எப்படி வேலையில வச்சிருக்காங்க?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் என் ஓலை இருந்தது. "நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்? அந்தப் புள்ளைக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்குன்னியே."

வெள்ளிக்கிழமை காலை அம்மா புறப்பட்டபோது இரண்டு கன்னத்திலும் தனகா பூசியிருந்தார். தனகா என்பது பட்டையை அரைத்துப் பூசும் மஞ்சள் வெள்ளைப் பூச்சு. பர்மாவில் பெண்கள் எல்லோரும் பூசுவார்கள். இங்கே அம்மா வீட்டுக்குள் மட்டும் பூசுவார், கதவு தட்டினால் துடைத்துவிடுவார். அன்று துடைக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

அலுவலக வாசலில் பியூன் அவரைத் திபெத்துக்காரர் என்று நினைத்து நிறுத்தினான். "ஸ்வெட்டர் விக்கிறதெல்லாம் உள்ள கூடாதும்மா."

"ஜூன் மாசத்துல எவன்டா ஸ்வெட்டர் வாங்குவான்?" என்றார் அம்மா, சுத்தமான மதுரைத் தமிழில். "சாட்சி சொல்ல வந்திருக்கேன். வழிய விடு."

சவரிமுத்து சார் எழுந்து நாற்காலி போடச் சொன்னார். மரகதம் சுவரோரம் நின்றார். ஓலையில் என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் எதையும் சொல்லாமல், படிக்கச் சொன்னார் சார். அம்மா ஓலையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பர்மிய மொழியில் வாய்விட்டுப் படித்தார். பிறகு தமிழில் சொன்னார். ஆண்டு, மாதம், தேய்பிறை ஐந்து, எட்டு, புதன் உச்சி சாய்ந்து. பதினெட்டு ஆண்டுகளாக நான்கு சுவருக்குள் மட்டும் கேட்ட மொழியை, கூடத்தில் நாற்பது பேர் கேட்டார்கள்.

"எட்டுன்னா புதன் பிற்பகல்னு நீங்க சொல்றீங்க. ஆதாரம் ஏதும் இருக்காம்மா?"

அம்மா மடியிலிருந்து இன்னொரு ஓலையை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுலயும் எட்டுத்தான் போட்டிருக்கு. இது எம் மகன் ஓலை. அவன் பொறந்த தேதி ஒங்ககிட்ட எழுத்துல இருக்கு. அது என்ன கெழமன்னு நீங்களே பாத்துக்கங்க."

"மகன் யாரு?"

அம்மா என்னைப் பார்த்தார். சொல்வதை எனக்கு விட்டுவிட்டார்.

"நான்தான் சார்" என்றேன். "இவங்க எங்கம்மா."

பால்ராஜின் மேசையில் பேனா உருண்டு விழுந்த சத்தம் கேட்டது.

சவரிமுத்து சார் என் பணிப்பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பீரோவின் சாவி என்னிடம்தான் இருந்தது. நானே எடுத்து வந்து கொடுத்தேன். முதல் பக்கத்தைத் திறந்தார். பிறந்த தேதியை விரலால் தொட்டார், பஞ்சாங்கத்தைப் புரட்டினார். புதன்கிழமை. தலையசைத்தார். விரல் கீழே இறங்கி அடுத்தடுத்த வரிகளில் போயிற்று. ஒரு வரியில் நின்றது.

அம்மாதான் பேசினார். "தெரியும் சார். நேத்துத்தான் சொன்னான். எந்தக் கெழமன்னு கேட்டேன். எழுதலயாம்."

சவரிமுத்து சார் சிரிக்கவில்லை. "கெழம தேதி இல்லாத எழவ நாங்க ஏத்துக்கிடுறது இல்லம்மா" என்று சொல்லிப் பதிவேட்டை மூடினார். "ஒங்க பேரச் சொல்லுங்க."

"மீனாட்சி" என்றார் அம்மா. கொஞ்சம் நிறுத்தினார். "எங்க வீட்டுல வச்ச பேரு டின் நு."

சார் எழுதினார். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டார். எந்தப் பெயரில் கப்பலேறினீர்கள் என்று கேட்கவில்லை. பிறகு வழக்கம் போல எழுந்து நின்று, தாளை உயர்த்திப் பிடித்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

"கோச்சடையில் வசிக்கும், காலஞ்சென்ற ராமையா என்பவரின் மனைவி, மீனாட்சி என்கிற டின் நு ஆகிய நான், இவ்வலுவலக இளநிலை உதவியாளர் சுந்தரத்தின் தாயார்…"

அம்மா குறுக்கிட்டார். எல்லோரும் நிமிர்ந்தோம்.

"டின் நு. 'நு'வக் கொஞ்சம் இழுக்கணும் சார். எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் கூப்புடுவாரு."

சவரிமுத்து சார் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை இழுத்துப் படித்தார். முடிந்ததும் அம்மா, "சரிதான்" என்று சொல்லி, பர்மிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை நாலரை மணிக்கு மரகதத்தின் சான்றிதழில் தாசில்தார் கையெழுத்திட்டார். திங்கட்கிழமை நேர்காணல் நடந்தது. அடுத்த மாதம் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்ததும் ரவிக்கைத் துணி மூன்றை எடுத்துக்கொண்டு கோச்சடைக்கு அம்மாவிடம் தைக்க வந்தார். பெரியவர்களான பிறகு அவருடைய பெண்களும் வந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு சவரிமுத்து சார் என்னைக் கூப்பிட்டார். பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, என் பக்கம் திருப்பி, மெதுவாகத் தள்ளினார்.

"பாக்காத மாதிரி இருந்திருப்பேன் சுந்தரம். ஆனா பாத்துட்டேன்."

"தெரியும் சார்."

"விளக்கம் எழுதிக் குடு. ஏன் எழுதினன்னு எழுது. அழுது எழுதாத."

நான்கு பக்கம் எழுதினேன். மேலிடத்துக்குப் போயிற்று. வேலை போகவில்லை. கண்டனம் பதிவாயிற்று. ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அதனால் பதவி உயர்விலும் பின்தங்கினேன். சார் எனக்காக ஒரு பரிந்துரையும் எழுதவில்லை என்று அப்போது மனத்தாங்கல் இருந்தது. பின்னாளில் கோப்பைப் படிக்க வாய்த்தபோது பார்த்தேன். என் விளக்கத்தின் ஓரத்தில் அவருடைய பென்சில் இருந்தது. ஆனால் 'எப்படித் தெரியும்?' அல்ல. 'நான் நேரில் பார்த்தேன்' என்று எழுதியிருந்தார்.

அம்மாவின் குடியுரிமையை ஒழுங்குபடுத்த மேலும் ஆறு ஆண்டுகள் அலைந்தோம். அது வேறு கதை. பால்ராஜ் அதற்குப் பிறகும் என்னை மங்கோலியா என்றுதான் கூப்பிட்டான். ஆனால் அம்மாவைப் பார்க்கும்போது எழுந்து நின்றான். கோச்சடையில் கடைசி வரைக்கும் அவர் சீனாம்மாதான். எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் சவரிமுத்து சார் ஓரத்தில் பென்சிலோடு வந்துவிடுவார்.

மேலிடத்து உத்தரவு வந்த பிறகு, பதிவேட்டில் அம்மாவின் இன்னொரு பெயரையும் அந்தத் திருத்தத்தையும் அவரே தம் கையால் எழுதினார். அகிலா கேட்டது அதைத்தான்.

தொலைபேசியை வைத்த பிறகு உள்ளறைக்குப் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து பட்டன்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். தைப்பதில்லை, பட்டன்களை மட்டும் விடவில்லை. காது மந்தம். அகிலா கைப்பேசியில் அனுப்பியிருந்த பக்கத்தைப் பெரிதாக்கி, அவர் பக்கத்தில் நின்று, கூடம் முழுக்கக் கேட்கும் குரலில் படித்தேன்.

"தாயார், மீனாட்சி என்கிற டின் நு. உயிருடன் உள்ளார்."

'நு'வை இழுத்தேன்.

அம்மா தலையசைத்தார். ஒரு நீலப் பட்டனை எடுத்து நீலத்தோடு போட்டார்.

"இதுலயாச்சும் கெழம போட்டிருக்கா?"

போடவில்லை. தேதி மட்டும்தான் இருந்தது. 1984-ஆம் ஆண்டின் குறிப்பேட்டை எடுத்து வந்து பார்த்துச் சொன்னேன்.

"புதன்கிழமைம்மா."

"காலையா, மத்தியானமா?"